மெடிக்கல் கோடிங்கா, மருத்துவ அலுவலகப் பணியா: எதில் தொடங்குவது?

#1 · புதுக்கணக்கு

வணக்கம். இது என் முதல் இழை. தாவரவியலில் பட்டம் முடித்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது கண்ணில் படுவது இரண்டு வழிகள். ஒன்று மெடிக்கல் கோடிங் பயிற்சி, அதாவது மருத்துவக் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் காப்பீட்டு பில்லுக்கான குறியீடு ('கோடு') போடுவது. இன்னொன்று மருத்துவ அலுவலக நிர்வாகப் பயிற்சி, அதாவது வரவேற்பு மேசை, அப்பாயின்ட்மென்ட், காப்பீடு சரிபார்ப்பது, கோப்புகள். இரண்டு இடத்திலும் போய் விசாரித்தேன். இரண்டு இடத்திலும் "எதிர்காலமே இதில்தான்" என்றார்கள். சேர்க்கைப் படிவத்தை நீட்டிக்கொண்டே சொன்னதால் எதையும் முழுசாக நம்ப முடியவில்லை.

கோடிங் என்றால் எழுபதாயிரம் கோடுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமாமே, உண்மையா? எனக்கு மனப்பாடம் சுத்தமாக வராது. பள்ளியில் தனிம வரிசை அட்டவணையே இருபதைத் தாண்டவில்லை. மனித உடலைப் பற்றிப் படித்ததும் பள்ளியோடு சரி. வேலையில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னால் நல்லது.

#2 · கோடிங்_வாத்தியார்

முதலில் அந்த எழுபதாயிரம் பயத்தைத் தூக்கிப் போடுங்கள். நான் பன்னிரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன், எனக்கே நூறு கோடு மனப்பாடமாக இருந்தால் அதிகம். அகராதி வைத்திருப்பவர் எல்லாச் சொல்லையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாரா? அது மாதிரிதான் இதுவும்.

இங்கே பேசுவது அமெரிக்கக் காப்பீட்டு பில்லுக்கான கோடிங். அந்த முறையில் முக்கியமாக மூன்று கோடுத் தொகுப்புகள் உண்டு. நோய்க்கு ஐசிடி-10-சிஎம். இது எழுத்தில் தொடங்கும், மூன்று முதல் ஏழு இடம் வரை நீளும். 2015 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் இருந்த ஒன்பதாம் பதிப்பில் சுமார் பதினாலாயிரம் கோடுகள்தான். மருத்துவர் செய்த வேலைக்கு சிபிடி. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 முதல் வெளியிடுகிறது, ஐந்து இலக்கம். மருந்து, ஊசி, சக்கர நாற்காலி மாதிரியானவற்றுக்கு ஹிக்பிக்ஸ் இரண்டாம் நிலை, ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும். உள்நோயாளி அறுவை சிகிச்சைக்கு ஐசிடி-10-பிசிஎஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கோடர்களுக்கான சான்றிதழ்த் தேர்வான சிபிசியே புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுவதுதான். 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. அங்கே சோதிக்கப்படுவது புத்தகத்தில் எங்கே தேட வேண்டும் என்ற பழக்கம். தாவரவியல் படித்தவருக்கு வகைப்பாடு புதிதா என்ன? குடும்பம், பேரினம், சிற்றினம் என்று இறங்கிப் போவீர்களே, ஐசிடியும் அப்படி இறங்குவதுதான்.

#3 · இரவுப்பணி

வாத்தியார் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொன்னார்.

நானும் ஒரு பயிற்சி மையத்தில் படித்துத்தான் வந்தேன், பெயர் வேண்டாம். நான்கு மாதமும் ஸ்லைடு. உறுப்புகளின் படம், கோடு அத்தியாயங்கள், மாதிரிக் கேள்விகள், நாலில் ஒன்றைத் தேர்ந்தெடு. தேர்வில் 84 எடுத்தேன். வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு உண்மையான சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவக் கோப்பைத் திறந்து கொடுத்தார்கள். பதினொரு பக்கம். மருத்துவர் எழுதியது, செவிலியர் எழுதியது, போன முறை வந்தபோது எழுதியதை அப்படியே ஒட்டியது, ஆய்வகத் தாள், நடுவில் நோயாளியின் அம்மாவுக்கு இருந்த நோய்கள். இதில் எது இன்றைய நோய், எது பழைய கதை என்று சொல்ல எந்த ஸ்லைடும் எனக்குக் கற்றுத் தரவில்லை. நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியும், அவ்வளவுதான். சார்ட்டில் நாலு விடை கொடுத்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் டார்கெட். ஒரு நாளைக்கு இத்தனை சார்ட், துல்லியம் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முதல் மூன்று மாதம் தரம் பார்க்கும் கியூஏ குழு அனுப்பும் பிழைப் பட்டியலைப் பார்க்கவே வயிற்றைக் கலக்கும். சேர்க்கைக்குப் போகும்போது இதை யாரும் சொல்வதில்லை.

#4 · கோடிங்_வாத்தியார்

> நான்கு மாதமும் ஸ்லைடு.

எல்லா மையத்தையும் ஒரே தட்டில் வைத்து எடை போடாதீர்கள். நாங்கள் மூன்றாம் வாரத்திலேயே பெயர், அடையாளம் நீக்கிய சார்ட்டைக் கையில் கொடுத்துவிடுகிறோம். நோயாளியின் தகவலைக் காக்க 1996-ல் வந்த அமெரிக்க ஹிப்பா சட்டத்தால் உண்மையான நோயாளியின் பெயரோடு வகுப்பில் காட்ட முடியாது, அதனால் அடையாளம் நீக்கித்தான் தர முடியும். பல மையங்கள் அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு ஸ்லைடோடு நிறுத்திக்கொள்கின்றன, அதை ஒத்துக்கொள்கிறேன்.

#5 · முன்மேசை

புதுக்கணக்கு, நான் மறுபக்கத்திலிருந்து வந்தவள். ஆறு வருடம் ஒரு மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருந்தேன். இப்போது கோடிங் செய்கிறேன். அலுவலகப் பணி என்றதும் எல்லோரும் "போன் எடுக்கிற வேலைதானே" என்கிறார்கள். சரி, போன் எடுக்கிற வேலைதான். ஆனால் அந்த போனில்தான் பாதிப் பணம் நிற்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். குழந்தையைக் கூட்டிக்கொண்டு அப்பா வருகிறார். அப்பாவுக்கும் காப்பீடு இருக்கிறது, அம்மாவுக்கும் இருக்கிறது, இரண்டிலும் குழந்தையின் பெயர் இருக்கிறது. முதலில் எந்த நிறுவனத்துக்கு பில் அனுப்ப வேண்டும்? அப்பா தன் கார்டை நீட்டுகிறார் என்பதற்காக அதை எழுதக் கூடாது. அமெரிக்கக் காப்பீட்டில் இதற்கு 'பிறந்தநாள் விதி' என்று ஒன்று உண்டு. பெற்றோர் இருவரில் யாருடைய பிறந்த நாள் ஆண்டில் முதலில் வருகிறதோ அவருடைய காப்பீடு முதலாவது. மாதமும் தேதியும் மட்டும்தான் கணக்கு, யார் மூத்தவர் என்பது கணக்கில் இல்லை. அம்மா மார்ச், அப்பா ஜூலை என்றால் அம்மாவுடையது முதலில். இதை மேசையில் கேட்காமல் விட்டால் கிளெய்ம் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும். கோடர் போட்ட கோடு எல்லாம் சரியாக இருந்தும் டினையல், பணம் தர மறுப்பு.

இன்னொன்று: காப்பீட்டு நிறுவனத்துக்கு பில் அனுப்பும் சிஎம்எஸ்-1500 படிவத்தில் ஆறாவது கட்டம், காப்பீடு எடுத்தவருக்கு நோயாளி என்ன உறவு என்பது. தானே, துணை, குழந்தை, மற்றவர். மனைவியின் காப்பீட்டில் வந்த கணவருக்கு 'தானே' என்று குறித்து அனுப்பியிருக்கிறேன், நானே. பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறினாலும் இதே கதிதான். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்ததால் ஒருவரின் அலர்ஜிக் குறிப்பு இன்னொருவரின் கோப்பில் போய் உட்கார இருந்ததும் ஒரு முறை நடந்தது. அன்றிலிருந்து பெயரோடு பிறந்த தேதியும் கேட்காமல் எந்தக் கோப்பையும் திறப்பதில்லை, தெரிந்த முகமாக இருந்தாலும்.

மேசையில் உட்கார்ந்தால் இன்னொன்றும் தானாகப் படியும்: யார் புது நோயாளி, யார் பழைய நோயாளி. அதே மருத்துவரையோ, அதே குழுவில் அதே சிறப்புப் பிரிவில் உள்ள இன்னொருவரையோ மூன்று வருடத்துக்குள் பார்த்திருந்தால் அவர் பழையவர். பின்னால் கோடிங் படித்தபோது பார்வைக்கான, அதாவது நோயாளி வந்து மருத்துவரைப் பார்ப்பதற்கான, கோடுகளில் 99202-இல் தொடங்குவது புதியவருக்கு, 99211-இல் தொடங்குவது பழையவருக்கு என்றார்கள். வகுப்பில் எல்லோரும் குழம்பினார்கள், எனக்கு மட்டும் அது தினசரிக் கதை.

அதனால் நான் சொல்வது, கையில் காசும் நேரமும் குறைவாக இருந்தால் மேசையில் தொடங்குவதில் தவறே இல்லை.

#6 · புதுக்கணக்கு

முன்மேசை அக்கா, நன்றி. பிறந்தநாள் விதியை வீட்டில் சொன்னேன், யாரும் நம்பவில்லை.

ஆனால் எனக்கு மனிதர்களோடு பேசுவது கொஞ்சம் கூச்சம். அதனால் கோடிங் எனக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது. அது சரியான காரணம்தானா?

#7 · தணிக்கைக்காரி

கூச்சம் ஒரு தடையும் இல்லை, தகுதியும் இல்லை. கோடரும் கேட்க வேண்டியிருக்கும். மருத்துவர் குறிப்பில் தெளிவில்லை என்றால் அவருக்குக் கேள்வி எழுதி அனுப்ப வேண்டும், அதுவும் விடையை அவர் வாயில் திணிக்காமல். "இது நீரிழிவால் வந்த புண் என்று எழுதுகிறீர்களா?" என்று கேட்டால் அது தவறு. "புண்ணின் காரணத்தைக் குறிப்பிட முடியுமா?" என்று கேட்க வேண்டும். இதுவே ஒரு கலை.

நான் ஒன்பது வருடமாக மற்றவர்கள் போட்ட கோடுகளைத் தணிக்கை செய்கிறேன். என் மேசைக்கு வரும் பிழைகளில் கோடு தெரியாமல் செய்தவை மிகக் கொஞ்சம். பெரும்பாலானவை குறிப்பைச் சரியாக வாசிக்காமல் செய்தவை. எழுதியிருப்பதை விட்டுவிடுவார்கள், அல்லது எழுதாததைச் சேர்த்துவிடுவார்கள். இரண்டாவது ஆள்தான் அதிக ஆபத்து, ஏனென்றால் அவருக்குக் கொஞ்சம் மருத்துவம் தெரியும்.

ஒரு சின்ன விஷயம் பாருங்கள். முதுகில் தோல் புற்று, 1 சென்டிமீட்டர். மருத்துவர் சுற்றிலும் 0.2 விளிம்பு விட்டு வெட்டி எடுத்தார். புதியவர் 1 என்பதைப் பார்த்து 11601 போடுவார். அது 0.6 முதல் 1 வரைக்கானது. ஆனால் விளிம்பு இரண்டு பக்கமும் சேரும். 1 கூட்டல் 0.2 கூட்டல் 0.2, ஆக 1.4. கோடு 11602. அதற்கும் முன்னால், அது புற்றுதானா என்பதே நோயியல் அறிக்கை வந்தால்தான் தெரியும். சாதாரணக் கட்டி என்று வந்தால் 114-இல் தொடங்கும் வரிசைக்குப் போக வேண்டும். அறிக்கைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் கோடு போட்டு அனுப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாதாரணத் தையலைத் தனியாகவும் சேர்த்துப் போடுவார்கள். அது வெட்டியதிலேயே அடக்கம். ஆழமான அடுக்குத் தையல் என்றால்தான் தனிக் கோடு.

இதில் மனப்பாடம் எங்கே இருக்கிறது? பயிற்சி மையம் தேடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "படிப்பு முடிவதற்குள் எத்தனை முழு சார்ட்டுக்கு நானே கோடு போடுவேன், அதை யார் திருத்தித் தருவார்?" எண்ணிக்கையைச் சொல்லாமல் வேலைவாய்ப்பு பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வெளிநோயாளி கிளினிக் குறிப்பு, நான் இட்டுக்கட்டியது:

"52 வயது ஆண். மூன்று நாளாக நெஞ்சு வலி என்று வந்தார். இரண்டாம் வகை நீரிழிவு, இன்சுலினும் மெட்ஃபார்மினும் தொடர்ந்து எடுக்கிறார். உயர் இரத்த அழுத்தம், மருந்தில் கட்டுக்குள் உள்ளது. நாள்பட்ட சிறுநீரக நோய், நிலை 3ஏ. இங்கேயே ஈசிஜி எடுத்து நான் படித்து அறிக்கை எழுதினேன். மாரடைப்பாக இருக்கலாம், இல்லை என்று உறுதி செய்ய மருத்துவமனைக்கு அனுப்புகிறேன்."

நோய்க் கோடுகளும் ஈசிஜிக்கான கோடும் மட்டும் போடுங்கள். பார்வைக்கான கோடு இப்போது வேண்டாம். ஐசிடி அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் அகரவரிசைப் பட்டியலில் தேடுங்கள், பிறகு அட்டவணையில் போய் உறுதி செய்யுங்கள், அங்கே கோட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தையும் விடாமல் படியுங்கள். மற்றவர்கள் விடையை உடைக்காதீர்கள்.

#8 · மழைக்காகம்

விடையை உடைக்கவில்லை. ஆனால் ஐசிடி பேசும்போது வாத்தைப் பற்றி ஒருவரும் பேசாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. டபிள்யூ61.62 என்பது வாத்து தாக்கியதற்கான கோடு. பசு கடித்ததற்குத் தனிக் கோடு. வி97.33எக்ஸ்டி தெரியுமா? விமானத்தின் ஜெட் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டவர், கடைசியில் 'டி' என்றால் தொடர் சிகிச்சைக்கு மறுபடி வந்திருக்கிறார். உயிரோடு!

இதைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் இந்தப் பட்டியல் தொடங்கியது சிரிப்பில் அல்ல. 1893-ல் ஜாக் பெர்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளர் மக்கள் எதனால் இறக்கிறார்கள் என்று நாடுகள் ஒரே மாதிரி எண்ணுவதற்காக ஒரு பட்டியல் போட்டார். அது பத்தாண்டுக்கு ஒரு முறை திருத்தப்பட்டு, 1948-ல் ஆறாம் திருத்தத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கு வந்தது. பில் போடுவதற்கு அதைப் பயன்படுத்துவது பின்னால் வந்த பழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

#9 · இரவுப்பணி

வாத்து இருக்கட்டும். புதிதாக வருபவர் கேட்க வேண்டிய பெரிய கேள்வியை யாரும் தொடவில்லை. செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை எடுத்துக்கொண்டால்? எக்ஸ்ரே, ஸ்கேன் சார்ட்டுகளில் இப்போதே மென்பொருள் தானாகக் கோடு போட்டு அனுப்புகிறது, எங்கள் குழுவுக்கு வருவது அது தடுமாறி விட்டவை மட்டும். நான் சேர்ந்தபோது புதியவர்களுக்குக் கொடுப்பதே அந்த எளிய சார்ட்டுகளைத்தான். அந்தப் படிக்கட்டையே எடுத்துவிட்டால் புதியவர் எங்கே கால் வைப்பார்?

#10 · தணிக்கைக்காரி

நியாயமான பயம், மழுப்பப் போவதில்லை. ஒரே வடிவத்தில் எழுதப்படும் குறுகிய அறிக்கைகள் போய்க்கொண்டிருக்கின்றன. மென்பொருள் முன்மொழிவதைச் சரிபார்ப்பதுதான் இனி நிறைய இருக்கும். அதற்குத் தேவைப்படுவது வேகமாகக் கோடு தேடும் ஆள் அல்ல. இயந்திரம் போட்ட கோட்டைப் பார்த்து "இதற்குக் குறிப்பில் ஆதாரம் எங்கே?" என்று கேட்கத் தெரிந்த ஆள். ஒட்டி எழுதிய பழைய குறிப்பிலிருந்து, முன்பே குணமான நிமோனியாவை இன்றைய நோயாக எடுத்துக் கொடுத்த மென்பொருளை நானே திருத்தியிருக்கிறேன்.

ஆனால் வேலைக்கு எடுப்பவர்கள் புதியவரிடமே அந்தத் திறனை எதிர்பார்க்கத் தொடங்கினால் கஷ்டம்தான். இதற்கு என்னிடம் விடை இல்லை.

#11 · முன்மேசை

மேசையும் தப்பவில்லை. அப்பாயின்ட்மென்ட் எல்லாம் செயலியில் போய்விட்டது. ஆனால் காப்பீட்டு முன்அனுமதி கேட்டுத் தொங்குவது, மறுக்கப்பட்ட கிளெய்முக்கு மேல்முறையீடு எழுதுவது, தேதி தவறாமல் அனுப்புவது (மெடிகேர் என்ற அமெரிக்க அரசுக் காப்பீட்டுக்கு சிகிச்சை தந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு, தனியார் நிறுவனங்கள் பல இன்னும் குறைவாகத் தருகின்றன), இதற்கெல்லாம் ஆள் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

#12 · அட்டவணைப்புழு

இன்னொரு எச்சரிக்கை. நான் முதலில் படித்த இடத்தில் பாடம் எடுத்தவர் ஒரு 'உத்தி' சொல்லித் தந்தார்: இரண்டு கோடு பொருந்தினால் அதிகப் பணம் வருவதைப் போடு, முதலாளி சந்தோஷப்படுவார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வேலைக்கு வந்த பிறகுதான் அதன் பெயர் அப்கோடிங் என்று தெரிந்தது. அரசுக் காப்பீட்டில் அப்படித் தெரிந்தே செய்தால் பொய்க் கோரிக்கைச் சட்டத்தில் மாட்டுவார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைக்கு மட்டமான சரக்கை விற்று ஏமாற்றியவர்களைப் பிடிக்க 1863-ல் போட்ட சட்டம், இன்றும் மருத்துவ பில்லுக்குப் பாய்கிறது. குறைத்துப் போடுவதும் தவறுதான். சில மருத்துவர்கள் தணிக்கைக்குப் பயந்து எல்லாப் பார்வைக்கும் 99213 என்றே, பழைய நோயாளிக்கான நடு நிலையையே, எழுதுவார்கள். 2021 முதல் பார்வை நிலையை முடிவு செய்வது மருத்துவ முடிவின் சிக்கலோ, செலவான மொத்த நேரமோதான். பழைய நோட்ஸை வைத்து வரலாறு, உடல் பரிசோதனைப் புள்ளி எண்ணச் சொல்லித் தரும் மையம் இருந்தால், அவர்கள் புத்தகம் எப்போது வாங்கியது என்று பாருங்கள்.

#13 · கோடிங்_வாத்தியார்

புத்தக ஆண்டு பற்றிச் சொன்னது மிகச் சரி. சிபிடி ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும், ஐசிடி அக்டோபர் 1 அன்றும் மாறும். ஐசிடிக்கு ஏப்ரலிலும் சில சேர்க்கை வரும். பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள், தேர்வுக்கு அந்தந்த ஆண்டுப் புத்தகம் வேண்டும்.

சான்றிதழ் பற்றியும் ஒன்று. சிபிசி தேறியவுடன் பெயருக்குப் பின்னால் சிபிசி-ஏ என்றுதான் வரும், 'ஏ' என்றால் பயிலுநர். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் காட்டினால் நீங்கும். அந்த 'ஏ'யைப் பார்த்து ஒதுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, உண்மை. அதனால்தான் முன்மேசை சொன்ன வழியை நானும் இப்போது மாணவர்களுக்குச் சொல்கிறேன்: பில்லிங்கிலோ மேசையிலோ கிடைத்தால் உள்ளே போய்விடுங்கள், உள்ளே இருப்பவருக்குக் கோடிங் மேசை கிட்டத்தில் இருக்கும்.

#14 · புதுக்கணக்கு

மூன்று இரவு உட்கார்ந்தேன். என் விடை:

ஐ21.9 மாரடைப்பு
ஈ11.9 இரண்டாம் வகை நீரிழிவு
ஐ10 உயர் இரத்த அழுத்தம்
என்18.31 சிறுநீரக நோய் நிலை 3ஏ
இசட்79.4 இன்சுலின்
இசட்79.84 வாய்வழி நீரிழிவு மருந்து
93000 ஈசிஜி

ஈசிஜிக்கு மூன்று கோடு இருந்தது. வெறும் பதிவுக்கு 93005, படித்து அறிக்கை எழுத மட்டும் 93010, இரண்டும் சேர்ந்தால் 93000. இங்கே இரண்டும் நடந்தது என்பதால் அதைப் போட்டேன். நோய்க் கோடுகளில் எனக்கே நம்பிக்கை இல்லை.

#15 · தணிக்கைக்காரி

ஈசிஜி சரி, காரணமும் சரி. மிச்சத்தைப் பார்ப்போம்.

மாரடைப்பு என்று மருத்துவர் எழுதவில்லை. "இருக்கலாம்" என்று எழுதினார். வெளிநோயாளிக் குறிப்பில் இருக்கலாம், சந்தேகம், இல்லை என்று உறுதி செய்ய என்று வந்தால் அந்த நோயைப் போடக் கூடாது. உறுதியாகத் தெரிந்த அளவுக்கு, அதாவது அறிகுறிக்குப் போட வேண்டும். அவர் வந்த காரணமும் அதுதான், எனவே முதல் கோடு ஆர்07.9, நெஞ்சு வலி. நீங்கள் போட்ட ஒற்றைக் கோட்டால் அந்த மனிதருக்கு வராத மாரடைப்பு அவருடைய பதிவேட்டில் ஏறிவிடுகிறது. நாளை ஆயுள் காப்பீட்டுக்குப் போகும்போது அது அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, நீரிழிவும் சிறுநீரக நோயும். நீங்கள் தனித்தனியாகப் போட்டீர்கள், மருத்துவர் இரண்டையும் இணைத்து எழுதவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். இங்கே விதி தலைகீழ். அகரவரிசையில் நீரிழிவுக்குக் கீழே 'உடன்' என்ற சொல்லின் கீழ் வரும் நோய்களுக்கு, தொடர்பில்லை என்று மருத்துவர் தெளிவாக எழுதாதவரை தொடர்பு இருப்பதாகவே கொள்ள வேண்டும். எனவே ஈ11.22. இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் அதே கதை, ஐ10 போய் ஐ12.9. நிலையைச் சொல்ல என்18.31 பின்னால் வரும். அது சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

ஆக: ஆர்07.9, ஈ11.22, ஐ12.9, என்18.31, இசட்79.4. வாய்வழி மருந்துக்கான கோடு தேவையில்லை, இன்சுலின் போடுபவருக்கு அது ஒன்றே போதும்.

முதல் முயற்சிக்கு இது நல்ல விடை. என்னிடம் வேலைக்கு வரும் பாதிப் பேர் இதே விடையைத்தான் தருகிறார்கள், ஈசிஜியையும் தவறவிட்டு.

#16 · கோடிங்_வாத்தியார்

ஒரு சுவையான பின்குறிப்பு. இதே மனிதர் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்து, வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும் குறிப்பில் "மாரடைப்பாக இருக்கலாம்" என்று இருந்தால், அங்கே மாரடைப்பு இருப்பதாகவே கோடு போட வேண்டும். அதே சொல், கட்டடம் மாறினால் விதி மாறுகிறது. எச்ஐவி மாதிரி சிலவற்றுக்கு மட்டும் உள்நோயாளியானாலும் உறுதியானால்தான். என் வகுப்பில் மாணவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னை முறைக்கும் இடம் இதுதான்.

#17 · இரவுப்பணி

எனக்கும் ஐ12.9 இரண்டாம் மாதம்தான் உறைத்தது. அதுவரை கியூஏ அதே பிழையை ஒன்பது முறை அனுப்பியிருந்தார்கள்.

#18 · புதுக்கணக்கு

'உடன்' விதியை நான் பார்க்கவே இல்லை. அட்டவணையை மட்டும் படித்து, முன்னால் இருக்கும் வழிகாட்டு விதிகளைப் புரட்டாமல் விட்டது என் தவறு. நேற்று முழுக்க அவற்றைப் படித்தேன்.

தணிக்கைக்காரி அக்கா, ஒரு சந்தேகம். நீரிழிவுப் பகுதியில், மாத்திரை, இன்சுலின் இரண்டும் எடுப்பவருக்கு இசட்79.4, இசட்79.84 இரண்டையும் போட வேண்டும் என்று இருக்கிறது. நான் தப்பாக வாசிக்கிறேனா? மெட்ஃபார்மின் என்று குறிப்பில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

#19 · தணிக்கைக்காரி

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சரியாகத்தான் வாசித்திருக்கிறீர்கள். இன்சுலின் மட்டும் போதும் என்பது பழைய விதி, அதைப் பல வருடம் பழகிய கை அப்படியே எழுதிவிட்டது. இப்போது இரண்டும் வேண்டும். என் விடையில் இசட்79.84-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் அது முதலிலிருந்தே இருந்தது.

திங்கட்கிழமை என் குழுவில் போன மாதம் தணிக்கை செய்த நீரிழிவு சார்ட்டுகளை நான் மறுபடி திறக்க வேண்டும். மெட்ஃபார்மினுக்காக யாருக்காவது பிழை போட்டிருக்கிறேனா என்று.

#20 · மழைக்காகம்

புதுக்கணக்கு, அப்படியானால் எந்தப் பயிற்சியில் சேர்கிறீர்கள்?

#21 · புதுக்கணக்கு

இன்று இரண்டு மையங்களுக்கும் போன் செய்து எத்தனை சார்ட் என்று கேட்டேன். ஒருவர் வேலைவாய்ப்பு பற்றிப் பேச ஆரம்பித்தார். இன்னொருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு "நாற்பது, ஆனால் நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்" என்றார். நாளை அவரைப் பார்க்கப் போகிறேன். திருத்துவது யார் என்று கேட்க மறந்துவிட்டேன், அதையும் கேட்க வேண்டும்.